இருபது மின்கார்கள், ஒரே மின்னிணைப்பு

கேள்வி: எங்கள் கொண்டோமினியத்தில் 20 மின்னூட்டிகளைப் பொருத்த நிர்வாக மன்றம் எண்ணுகிறது. கட்டடத்தின் மின்னிணைப்புக் கொள்ளளவையே உயர்த்த வேண்டும் என்கிறார் மின்பணிக் குத்தகையாளர். செலவை நினைத்துப் பலரும் தயங்குகிறார்கள். அது தேவைதானா?
– வாசகர், செங்காங்

பதில்: குத்தகையாளரின் கணக்கு தவறன்று, ஆனால் அது நாளின் மிக மோசமான ஒரு மணி நேரத்தை மட்டுமே பார்க்கிறது. வழக்கமான மின்னூட்டி ஒன்றின் திறன் 7.4 கிலோவாட். இருபதும் ஒருசேர இயங்கினால் 148 கிலோவாட் வேண்டும். எல்லாரும் வேலை முடிந்து திரும்பியவுடன் காரை இணைத்துவிட்டால், வீடுதோறும் குளிரூட்டியும் அடுப்பும் ஓடும் அதே வேளையில் இந்தச் சுமையும் வந்து சேரும். மின்மாற்றியைத் திணறவைப்பது அந்த நெரிசல்தான்.

கார்களின் உண்மைத் தேவையோ மிகக் குறைவு. நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 8 கிலோவாட் மணி மின்சாரம் போதும். இருபது கார்களுக்கு 160. அதை இரவு 11 முதல் காலை 7 மணி வரை பரப்பினால் சராசரிச் சுமை 20 கிலோவாட்தான். இந்த இடைவெளியைப் பயன்படுத்துவதே சுமைப் பகிர்வு முறை: கட்டடத்தின் மொத்தப் பயன்பாட்டை ஒரு மீட்டர் தொடர்ந்து அளக்க, எஞ்சியிருக்கும் கொள்ளளவை மட்டும் மின்னூட்டிகள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். மின்னோட்டம் 6 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் கார் மின்னூட்டம் பெறாது என்பதால், பங்கு அதைவிடக் குறையும்போது கார்கள் முறைவைத்துக் காத்திருக்கும்.

உங்களிடையே தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர் இருந்தால் இக்கணக்கு அவருக்குப் பொருந்தாது. அவருக்கு முன்னுரிமை தரும் விதியை இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். பின்னர் எழும் பூசல்களில் பாதி இதைப் பற்றியதாகவே இருக்கும்!

2030க்குள் சிங்கப்பூர் முழுவதும் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. ஆகவே, இருபதோடு நிற்காது என்று கருதியே குழாய்களையும் கம்பிவடத் தடங்களையும் அமைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு இரண்டு வாரங்களுக்குக் கட்டடத்தின் சுமையைப் பதிவுசெய்யுங்கள்; கொள்ளளவை உயர்த்துவதா வேண்டாமா என்பதை அந்தப் பதிவைப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மின்னூட்டி வகைகளையே வாங்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போது ஒன்றை மறவாதீர்கள்: மீட்டருடனான தொடர்பு அறுந்தால், மின்னூட்டிகள் தாமாகவே குறைந்த அளவுக்கு இறங்க வேண்டும், முழுத் திறனுக்கு ஏறக் கூடாது.