பார்சிலோனா போகட்டும், பெரிய கடன் வேண்டாம்

திருச்சியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் கட்டடக் கலையில் பி.ஆர்க். முடித்துவிட்டாள். ஸ்பெயினில் பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட காத்தலோனியாவின் நவீன வீடுகளை அளந்து, வரைந்து, தட்பவெப்பத்துக்கு அவை எப்படி ஈடுகொடுக்கின்றன என்பதையும் சேர்த்து ஆவணப்படுத்தக் கற்றுக்கொள்ள பார்சிலோனா போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். துபாயில் இருக்கும் தாய்மாமா, “இங்கிலாந்தில் ஒரு வருஷம் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் படிக்கட்டும், வேலைக்கு நான் பொறுப்பு” என்கிறார். அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கள் என்று கேட்கிறார் அம்மா.

உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. ஒரே பெண், கையிருப்பும் அதிகம் இல்லை. ஆனால் புத்தி சொல்ல வேண்டியது அவளுக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. விடுமுறை நாட்களில்கூட அளவுநாடாவை எடுத்துக்கொண்டு பழைய வீடுகளுக்குப் போய்விடுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பெண்ணைக் கடன் வாங்கி அனுப்பி, ஒப்பந்தம், பில், வேலை அட்டவணை என்று உட்கார வைக்கப் போகிறீர்களா? மேலாண்மைப் படிப்பு மோசமில்லை. அதில் விருப்பம் உள்ளவர்கள் படிக்கட்டும். மாமாவின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொல்லும் வேலை இன்னும் வாய்ச்சொல்தான், கடன் மட்டும் கையெழுத்துப் போட்ட மறுநாளே நிஜமாகிவிடும்.

“இருக்கிற வீட்டை வரைந்து என்ன ஆகப்போகிறது?” என்று உறவினர்கள் கேட்பார்கள். 1929 உலகக் கண்காட்சிக்காக ஜெர்மன் ஆர்கிடெக்ட் மீஸ் வான் டெர் ரோ பார்சிலோனாவில் கட்டிய ஜெர்மன் மண்டபத்தை அடுத்த ஆண்டே பிரித்துவிட்டார்கள். இன்று அதே இடத்தில் நிற்பது, எஞ்சிய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்து 1986இல் மறுபடி எழுப்பியது. 1937இல் பாரிஸ் கண்காட்சியில் ஸ்பெயின் குடியரசுக்காக ஆர்கிடெக்டுகள் ஜோசப் லூயிஸ் செர்ட், லூயிஸ் லகாசா இருவரும் கட்டிய மண்டபமும் அப்படித்தான், 1992இல் பார்சிலோனாவில் திரும்ப எழுந்தது. ஆவணம் இருந்ததால்தான் இரண்டும் மீண்டன.

காத்தலோனியாவில் இந்த வேலைக்கு அழுத்தமான காரணம் உண்டு. 1930இல் செர்ட், ஜோசப் டோரஸ் கிளாவே போன்ற இளைஞர்கள் கூடி நவீனக் கட்டடக் கலைக்கென ஒரு குழு அமைத்தார்கள். ‘ஏ.சி.’ என்ற இதழை 1931 முதல் 1937 வரை 25 இதழ்கள் கொண்டுவந்தார்கள். பார்சிலோனாவின் சான் அந்த்ரேயு பகுதியில் தொழிலாளர்களுக்காகக் ‘காசா ப்ளோக்’ குடியிருப்பைக் கட்டினார்கள். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. டோரஸ் கிளாவே 1939இல் போர்முனையில் இறந்தார். செர்ட் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறையின் வேலை பாதியில் அறுந்தது. அந்தக் குழுவின் தாள்களையும், பின்னாளில் காத்தலோனியாவின் நவீனக் கட்டடங்களைப் படமெடுத்த ஃப்ரான்செஸ்க் கதலா ரோகாவின் புகைப்படங்களையும் இன்று காத்தலோனியா ஆர்கிடெக்டுகள் சங்கத்தின் ஆவணக்காப்பகம் காத்து வருகிறது. உங்கள் பெண்ணைப் போன்றவர்கள் போய் உட்கார வேண்டிய இடம் அது.

இதில் தட்பவெப்பம் எங்கே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கேதான் இந்தத் துறை வயிற்றுப் பிழைப்பாகவும் மாறுகிறது. காத்தலான் மொட்டை மாடி இரண்டு அடுக்காக இருக்கும். கீழ் அடுக்கின் மேல் சிறு செங்கல் தடுப்புகள் எழுப்பி, அவற்றின் மேல் ஓடு பதிப்பார்கள். நடுவே காற்று ஓட இடம் இருக்கும், ஓரங்களில் திறப்புகள் விட்டிருப்பார்கள். மேல் ஓடு வெயிலை வாங்கும், சூடான காற்று வெளியேறிவிடும், கீழே படுத்திருப்பவருக்கு அந்தச் சூடு குறைவாகவே இறங்கும். கடலோர பார்சலோனெத்தா பகுதியில் கொடெர்க் என்ற ஆர்கிடெக்ட் 1950களில் கட்டிய அடுக்குமாடியில், தளத்திலிருந்து கூரைவரை மரச்சட்டங்களை இடைவெளிவிட்டு அடுக்கிய திரைகள் இருக்கின்றன. அவை வெயிலை நிறுத்தும், கடற்காற்றை உள்ளே விடும். சான்ஸ் பகுதியில் லாகோல் என்ற ஆர்கிடெக்டுகள் குழு 2018இல் முடித்த ‘லா போர்தா’ கூட்டுறவுக் குடியிருப்பில் 28 வீடுகள். நடு முற்றத்தின் மேல் பசுமைக்குடில் போன்ற கூரை. குளிர்காலத்தில் மூடி வைத்து வெயிலின் சூட்டைச் சேமிக்கிறார்கள், கோடையில் திறந்துவிட்டுச் சூட்டை வெளியேற்றுகிறார்கள்.

இவற்றை ஆவணப்படுத்துவது என்றால் அழகாகப் படமெடுப்பது மட்டுமல்ல. காப்பகத்தில் உள்ள பிளானையும் கட்டி நிற்பதையும் ஒப்பிட்டு, எங்கே மாறியது, ஏன் மாறியது என்று குறிக்க வேண்டும். லேசர் மீட்டரால் அளந்து, வீட்டை வெட்டிப் பார்த்தாற்போலக் காட்டும் செக்‌ஷன் வரைய வேண்டும். மரச்சட்டங்களின் சாய்வு, அறைகளில் மணிக்கு மணி வெப்பம், எந்த ஜன்னலைக் குடியிருப்பவர் எப்போது திறக்கிறார் என்பது வரை பதிய வேண்டும். ஜன்னலை எந்த நேரம் திறப்பது என்று வீட்டில் இருக்கும் பாட்டிக்குத்தான் தெரியும். அவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிவதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை. காத்தலோனியாவில் 45 ஆண்டு கடந்த அடுக்குமாடிகளுக்குத் தொழில்நுட்பப் பரிசோதனை கட்டாயம். பழைய வீட்டைப் படித்துப் புரிந்துகொள்பவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

அவளிடமும் ஒன்று சொல்லுங்கள். அங்கே கண்டதை அப்படியே திருச்சிக்குக் கொண்டுவர முடியாது. பார்சிலோனாவில் ஜூன் மாத நண்பகல் சூரியன் தெற்கே ஏறக்குறைய 72 பாகை உயரத்தில் நிற்கும். திருச்சியில் மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது தலையுச்சியைத் தாண்டி வடக்குப் பக்கம் சாய்ந்துவிடும். தெற்கு ஜன்னலுக்கு அங்கே வைத்த அதே நிழல்பலகை இங்கே உதவாது. ஒவ்வொரு வீட்டிலும் காரணத்தைத் தேடத் தெரிந்தால்தான் அந்தப் படிப்பு நம் ஊருக்குப் பயன்படும்.

இனி பணம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஸ்பெயின் மாணவர் விசாவுக்கு மாதம் 600 யூரோ கணக்கில் வாழ்க்கைச் செலவுப் பணம் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 7,200 யூரோ, ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல். கல்விக் கட்டணம் தனி. பளபளப்பான தனியார் கல்விக்கூடங்களை விட்டுவிட்டு, அரசுப் பல்கலைக்கழகமான காத்தலோனியா தொழில்நுட்பப் பல்கலையின் பார்சிலோனா, சான் குகாத் கல்லூரிகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதலாக இருக்கும், முழுத் தொகையையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியப் பட்டத்தை ஸ்பெயின் அரசு அங்கீகரிக்காதவரை, அங்கே ஆர்கிடெக்டாகக் கையெழுத்திட முடியாது என்பதும் அவளுக்கு இப்போதே தெரிய வேண்டும். வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

அதனால் இந்த ஆண்டு அவள் போக வேண்டாம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பணி செய்யும் ஓர் ஆர்கிடெக்ட் அலுவலகத்தில் சம்பளம் குறைவானாலும் சேரட்டும். திருச்சியிலேயே ஒரு வீட்டை முழுதாக அளந்து, ஒரு கோடை முழுக்க வெப்பம் பதிந்து, வரைபடத் தொகுப்பு தயாரிக்கட்டும். முடிந்தால் அகமதாபாத் போய்வரட்டும். பிரெஞ்சு-சுவிஸ் ஆர்கிடெக்ட் லெ கொர்புசியே அங்கே 1950களில் சாராபாய் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டின் கூரை, மெல்லிய ஓடுகளால் எழுப்பும் காத்தலான் வளைவுகள்தான். கூடவே ஸ்பானிஷ். ‘ஏ.சி.’ இதழே அந்த மொழியில்தான் வந்தது. காத்தலான் மொழி அங்கே போனபிறகு வரும்.

அடுத்த ஆண்டு அந்தத் தொகுப்போடு விண்ணப்பிக்கட்டும். அப்போதும் பணம் குறைந்தால் மாமாவிடம் கேளுங்கள். வேலைக்குப் பொறுப்பேற்கத் தயாராக இருந்தவர், வட்டியில்லாத கைமாற்றாக ஒரு பகுதியைத் தரக்கூடும். திருப்பித் தரும் தேதியை எழுதி, அவள் கையெழுத்திலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.