டொரோண்டோ குளிரும் ஜன்னல் தண்ணியும்

கேள்வி: என் மக டொரோண்டோல படிக்கிறா. ஹீட்டர் போட்டு மூக்கு காஞ்சு ரத்தம் வருதுன்னு, காத்துல ஈரம் சேர்க்குற ஹியூமிடிஃபயர் மெஷின் வாங்கினா, இப்ப என்னடான்னா ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியுதாம், ஓரமெல்லாம் கறுப்பா பூஞ்சை. மெஷினை நிறுத்தச் சொல்லவா?
- வாசகி, ஈசூன்

பதில்: நிறுத்த வேணாம்மா, குறைச்சு வைக்கச் சொல்லுங்க. நமக்கு இங்க சிங்கப்பூர்ல ஈரப்பதம் சராசரியாவே 80 சதவீதம், அலமாரித் துணி வாடை அடிக்குதேன்னு கவலை, அங்க கதையே வேற. கடுங்குளிர் காத்துல ஈரம் ரொம்பக் கம்மி, அது உள்ள வந்து சூடாகும்போது ஈரப்பதம் 20க்குக் கீழகூட போயிடும், அதான் மூக்கு காயுது. ஆனா கண்ணாடி ஜில்லுன்னு இருக்குல்ல, ஈரம் கூடினா முதல்ல அங்கதான் ஒட்டும், ஐஸ் கோப்பி கிளாஸ் வேர்க்குற மாதிரி. ஹைக்ரோமீட்டர்னு ஈரப்பதத்தை அளக்குற சின்ன மீட்டர் கிடைக்கும், வாங்கி வைக்கட்டும். ஈரப்பதம் 30-லேருந்து 40 சதவீதம் போதும், வெளிய மைனஸ் 20ன்னு இறங்குற நாள்ல இன்னும் குறைக்கணும். குளிக்கும்போது, சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் போடணும். திக்கான கர்ட்டன் ஜன்னலை மூடியே இருந்தா கண்ணாடி இன்னும் குளிரும், கொஞ்சம் விலக்கி விடட்டும். முக்கியமா மெஷின் தண்ணியை தினமும் மாத்தணும், இல்லாட்டி அந்த அழுக்கைத்தான் மூச்சுல இழுப்பா. மூக்குக்கு உப்புத்தண்ணி ஸ்ப்ரே நல்லது, அப்பவும் ரத்தம் நிக்கலன்னா டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க.