அப்பாவின் பேஸ்மேக்கரை வெளியாள் இயக்க முடியுமா?

கேள்வி: என் தந்தைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். கட்டிலருகே வைக்க ஒரு சிறு பெட்டியும் தந்தார்கள். அவர் தூங்கும்போது அது கம்பியில்லாமல் தகவல்களைப் பெற்று மருத்துவமனைக்கு அனுப்புமாம். வெளியாட்கள் இத்தகைய கருவிகளுக்குள் ஊடுருவலாம் என்று எங்கோ படித்ததிலிருந்து, தினமும் படுக்கும்முன் அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். அவருடைய பயம் நியாயமானதா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பயத்துக்கு அடிப்படை உண்டு, பிளக்கைப் பிடுங்குவது மட்டும் தவறு.

2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடலுக்குள் இருந்தபடி இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்து, அதிலிருந்து நோயாளியின் பெயர் முதலான விவரங்களைப் படிக்கவும், அதிர்ச்சி தருமாறு அதற்கு ஆணையிடவும் முடியும் என்று காட்டினார்கள். ஆனால் அதைச் செய்தது சில சென்டிமீட்டர் தூரத்திலிருந்துதான். அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, 2007இல் தமக்குப் புதிய இதயக் கருவி வைத்தபோது அதன் கம்பியில்லாத் தொடர்பையே மருத்துவர் முடக்கிவைத்ததாகப் பின்னாளில் தெரிவித்தார். கொலை மிரட்டலுக்கு இலக்கான தலைவருக்கு அது பொருந்தும். உங்கள் தந்தைக்குப் பொருந்துமா என்பது வேறு.

‘கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட வேண்டியதுதானே?’ என்று கேட்கத் தோன்றும். உங்கள் தந்தை வெளியூரில் மயங்கி விழுந்து, முன்பின் அறியாத மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அங்குள்ள மருத்துவர் சில நிமிடங்களில் அந்தக் கருவியைப் படித்தாக வேண்டும். பூட்டு அவரையும் சேர்த்தே தடுத்துவிடும். தவிர, தகவலைக் குறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யும் ஒவ்வொரு முறையும் பேட்டரி கொஞ்சம் செலவாகும்; அதை மாற்ற மார்பில் மீண்டும் கத்தி வைக்க வேண்டும். உற்பத்தியாளர்கள் பாதுகாப்பில் பின்தங்கியதற்கு அலட்சியத்தோடு இந்தச் சிக்கல்களும் காரணம்.

2017இல் அபாட் நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களில் வெளியாள் ஊடுருவக்கூடிய குறை கண்டறியப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. அறுவை தேவைப்படவில்லை, மருத்துவமனைக்குச் சென்றால் ஏறத்தாழ மூன்று நிமிட வேலை. அந்த நேரத்தில் கருவி, நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று முறையில் இயங்கும். 2019இல் மெட்ரானிக் நிறுவனத்தின் டிஃபிப்ரிலேட்டர்களின் கம்பியில்லாத் தொடர்பில் குறியாக்கமே இல்லை என்று தெரிந்தபோதுகூட, வீட்டுக் கண்காணிப்பால் கிடைக்கும் நன்மையே பெரிது, தொடர்ந்து பயன்படுத்துங்கள் என்றுதான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. பேட்டரி தீர்ந்துவரும் எச்சரிக்கையையும், இதயத் துடிப்பில் ஏற்படும் கோளாற்றையும் அடுத்த செக்கப் வரை காத்திராமல் மருத்துவருக்குத் தெரிவிப்பது அந்தப் பெட்டிதான்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை எனக்குக் கவலை வேறிடத்தில். பல புதிய கருவிகள் ப்ளூடூத் வழியாகக் கைபேசிச் செயலியோடு பேசுகின்றன. அந்தக் கைபேசிக்குப் பூட்டே இருக்காது, பேரன் அதில் விளையாடிக்கொண்டிருப்பான். இதய அறிக்கையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஊடுருவல்காரர் யாரும் தேவையில்லை.

இன்றிரவே பெட்டியை மீண்டும் இணைத்துவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தபோது தந்த அட்டையில் மாடல் எண் இருக்கும். அடுத்த செக்கப்புக்கு அதை எடுத்துச் சென்று, இந்த மாடலுக்கு மென்பொருள் திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா, கருவி அனுப்பும் தகவல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யாரெல்லாம் அவற்றைப் பார்க்கலாம் என்று அப்பாவையே மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.