சுடுநீரில் வைத்ததும் குழலில் நீர் இறங்குகிறதே?

உங்கள் சோதனை தவறவில்லை. நீர் சூடாகி விரிவதால் கடல்மட்டம் உயர்வதை மாணவர்களுக்குக் காட்ட, நீர் நிரப்பி மூடியில் உறிஞ்சுகுழல் செருகிய பாட்டிலைச் சுடுநீரில் வைத்தீர்கள். முதலில் சூடாவது பாட்டில்தான். அது விரிந்து கொள்ளளவு கூடுவதால் உறிஞ்சுகுழலில் மட்டம் இறங்குகிறது. உள்ளே நீருக்குச் சூடு போய்ச் சேர்ந்ததும், அது பாட்டிலைவிட அதிகமாக விரிந்து பழைய மட்டத்தைத் தாண்டி ஏறும்.

பத்து நிமிடம் ஆகியும் ஏறவில்லையா? பெரும்பாலும் மூடியில் கசிவு. பாட்டிலை லேசாக அழுத்துங்கள். குழல் நுழையும் இடத்தில் ஈரம் துளிர்த்தால் களிமண்ணால் இறுக்கி அடையுங்கள்.

அப்புறம், காற்றுக்குமிழி. ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. காற்று நீரைவிடப் பல மடங்கு விரியும், மாணவர்கள் பார்ப்பது காற்றின் வேலையாகிவிடும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் நல்லது. ஐஸ் நீரில் தொடங்க வேண்டாம். ஐஸ் குளிரிலிருந்து சூடாகும்போது நன்னீர் 4 டிகிரி செல்சியஸ் வரை சுருங்கும், கடல்நீர் அப்படியல்ல.

மட்டம் இறங்கியதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். ஏன் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள், பாடத்தின் மிக நல்ல பகுதி அதுதான்.

ஒரு எச்சரிக்கை: குழலில் ஏறும் உயரம் கடலுக்கான அளவு ஆகாது. 1971 முதல் 2018 வரை கடல்மட்ட உயர்வில் ஏறத்தாழ பாதிதான் இந்த விரிவால் வந்தது. மீதி பெரும்பாலும் நிலத்தின் மேலிருந்த பனி உருகியதால்.