கார்பன் சந்தையால் புகை குறைகிறதா, பணம்தான் கைமாறுகிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கார்பன் சந்தை எப்படி வேலை செய்கிறது, அதனால் உண்மையிலேயே புகை குறைகிறதா, இல்லை பணம் கைமாறுவதோடு சரியா?

பரீட்சைக்குப் படிக்கிறவர் போலத் தெரிகிறது. அப்படியென்றால் அடுத்த இரண்டு பத்திகள் போதும். மிச்சம் நான் தராசும் கையுமாக லயம் லயமாக (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்தான் லயம்) ஏறி இறங்கிய கதை.

ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கியது இந்த வகை. மின் நிலையம், சீமெந்து, இரும்பு ஆலை எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு இத்தனை தொன் புகைதான் (முக்கியமாகக் கார்பன் டைஆக்சைடு) வெளிவிடலாம் என்று ஒரு அளவை வைப்பார்கள். ஒரு தொன்னுக்கு ஒரு அனுமதி. குறைந்த செலவில் குறைக்க முடிந்த ஆலை குறைத்துவிட்டு, மிஞ்சிய அனுமதியை விற்கும். முடியாதது வாங்கும். மொத்த அளவை வருடா வருடம் இறக்கிக்கொண்டே வருவார்கள். புகையைக் குறைப்பது அந்த இறக்கம்தான். எங்கே குறைத்தால் மலிவு என்று தேடிக் கொடுப்பது மட்டுமே வியாபாரத்தின் வேலை. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அனுமதிகள் தேங்கி விலை படுத்துவிட்டது. 2019 முதல் தேங்கியதை இழுத்து ஒதுக்கத் தொடங்கினார்கள். 2023 பெப்ரவரியில் ஒரு தொன் 100 யூரோவைத் தாண்டியது. அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் ஆலைகளின் வெளியீடு 2023இல் 2005ஐவிட ஏறத்தாழ 47 சதவீதம் குறைவு. எல்லாம் சந்தையால் வந்தது என்று நான் சொல்லவில்லை, காற்றாலையும் சூரிய மின்சாரமும் மலிந்ததும் சேர்ந்துதான்.

இரண்டாவது வகை வரவு, அதாவது கிரெடிட். இதற்கு வழி திறந்தது 1997இன் கியோட்டோ நெறிமுறை. பணக்கார நாடு தன் வீட்டில் குறைப்பதற்குப் பதிலாக, நம்மைப் போன்ற நாட்டில் குறைந்த ஒரு தொன்னை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். இலங்கையில் எங்கள் மலையகத்திலேயே ஹுலு கங்கை, பதுளு ஓயா சிறு நீர்மின் திட்டங்கள் 2005இல் அதில் பதிவாகின. இங்கே முழுக் கணக்கும் ஒரு கேள்வியில் தொங்குகிறது: இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு புகை போயிருக்கும்? நடக்காத ஒன்றை யார் அளப்பது?

நான் அளந்திருக்கிறேன். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், சில வருடங்களுக்கு முன், ஒரு நிறுவனம் விறகு மிச்சம் பிடிக்கும் அடுப்புகளை இலவசமாகக் கொடுத்தது. மிச்சமாகும் விறகைத் தொன்னாக்கி வெளிநாட்டில் விற்பது அவர்கள் திட்டம். தமிழ் தெரிந்த பையன் வேண்டும் என்று என்னை நாள் சம்பளத்துக்கு எடுத்தார்கள். காலையில் ஒவ்வொரு காம்பராவிலும் (லயத்து அறை வீடு) விறகுக் கட்டைக் கொக்கித் தராசில் தூக்கி நிறுத்து எழுத வேண்டும். அந்திக்கு மிஞ்சியதை நிறுத்துக் கழிக்க வேண்டும். பழைய அடுப்புக்கு மூன்று நாள், புது அடுப்புக்கு மூன்று நாள்.

மேட்டு லயத்தில் ஒரு அம்மாயி வீட்டில் இரண்டாவது சுற்றிலும் விறகு அவ்வளவாகக் குறையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் புது அடுப்பில் சோறு வேகிறது, பக்கத்தில் பழைய அடுப்பும் எரிகிறது. “தம்பி, இதுல சோறு நல்லாத்தான் ஆவுது. மழையில நனைஞ்சுக்கிட்டு மலையில இருந்து வர்ற புள்ள எதுல குளிர் காயும்?” என்று கேட்டார். அதை அப்படியே எழுதினேன்.

அப்புறம் படிவத்தில் “விறகு எங்கிருந்து?” என்று ஒரு கேள்வி. காடு, கடை, வேறு என்று மூன்று கட்டம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் எரிப்பது மிலாறு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கொப்புதான் மிலாறு. வெட்டிய செடி மறுபடி தழைத்து, எரித்ததில் போன கார்பனை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். அழிகிற காட்டு மரத்தை எரிப்பதும் இதுவும் ஒன்றாகாது. எத்தனை பங்கு விறகு மறுபடி வளராதது என்பதை வைத்துத்தான் வரவையே பெருக்குவார்கள். நான் “வேறு” என்பதில் குறியிட்டு ஓரத்தில் மிலாறு என்று எழுதினேன். “காடு” என்று மாற்றச் சொன்னார் மேற்பார்வையாளர். மாற்றவில்லை. அடுத்த தோட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அடுப்புக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். காம்பராவில் புகை குறைந்தது உண்மை, என் அம்மா இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சமைப்பதில்லை. அதைச் சுகாதாரம் என்றே கொடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். தொன்னாக விற்றால் எங்கோ ஒரு கம்பனி அதைக் காட்டித் தன் புகைபோக்கியை அப்படியே ஓட விடுகிறது. எங்கள் வீட்டில் குறையாத தொன் வானத்தில் கூடிப்போகிறது. ஒரு தோட்டத்தை வைத்துப் பேசுகிறேன் என்பீர்கள். 2024இல் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு அடுப்புத் திட்டங்களைச் சோதித்து, வழங்கப்பட்ட வரவு உண்மைக் குறைப்பைப்போல் ஏறத்தாழ 9 மடங்கு என்று எழுதினார்கள். மறுபடி வளரும் விறகும், கூடவே எரியும் பழைய அடுப்பும்தான் அவர்கள் காட்டிய காரணங்களில் முக்கியமானவை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் படிவத்தில் முகவரிக்கும் ஒரு கட்டம் இருந்தது. அத்தனை வீட்டுக்கும் ஒரே முகவரியைத்தான் எழுதினேன்: தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர். லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது, கடிதம் எல்லாம் தோட்ட ஒபிசுக்குத்தான் போகும். எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாவது நாள் கைக்குக் கிடைத்தது. மிச்சமான விறகைக் கிராம் கணக்கில் கேட்கத் தெரிந்தவர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு இலக்கம் போடத் தெரியாமலா இருக்கிறார்கள்?

சரி, உங்கள் கேள்விக்கு என் பதில்: உச்சவரம்பு வைத்து இறக்கும் சந்தையை நம்புகிறேன். வரவு விற்கும் சந்தையில், எந்த விறகு, யார் நிறுத்தது, பழைய அடுப்பு இன்னும் எரிகிறதா என்று கேட்காமல் ஒரு தொன்னையும் நம்ப மாட்டேன்.