நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து: விசுவாசம்தான் பெரிதா?

எட்டு லட்ச ரூபாய் வங்கிக் கடனுக்கு நண்பர் ஜாமீன் கேட்கிறார், மறுத்தால் துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். துரோகம் இல்லை. விசுவாசம் பெரிய குணம்தான். ஆனால் அதற்காக உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை அடகு வைக்க முடியாது.

1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128-ஐப் பாருங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுக்க ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் வங்கி உங்களிடம் வரவேண்டும் என்பதில்லை, நேரே வரலாம். கடன் வாராக்கடனானால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்) அடிவாங்கும். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நண்பரிடம் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் கேளுங்கள். மற்ற கடன் தவணைகளையும் கூட்டிப் பாருங்கள். எட்டு லட்சத்துக்கு உங்களை நம்பச் சொல்பவர் இதைக் காட்டத் தயங்கக் கூடாது. நிரப்பாத படிவத்தில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். தொகை, வட்டி, தவணைக்காலம் எல்லாம் எழுதிய பிறகே போட்டு, நகல் வாங்குங்கள். அதே சட்டத்தின் பிரிவு 145-இன்படி, ஜாமீன்தாரராக நீங்கள் முறைப்படி கட்டியதை நண்பரிடம் திரும்பக் கேட்கலாம். அவர் கையில் காசு இருந்தால்தான் அது பயன்படும்.

மறுக்க மனது கேட்கவில்லையென்றால், ஜாமீனுக்குப் பதிலாக, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நேரடியாகக் கொடுங்கள்.