வீட்டுச் சாவியையும் நாயையும் யாரிடம் ஒப்படைப்பது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் தோழியும் கோவையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறோம். வெளியூர் செல்பவர்கள் தங்கள் நாய், பூனைகளை நம்பி விட்டுச் செல்லத்தக்க பராமரிப்பாளர்களைத் தேடித்தரும் கைப்பேசிச் செயலி ஒன்றை வடிவமைத்து வருகிறோம். பராமரிப்பாளர் பட்டியல், வரைபடம், நட்சத்திர மதிப்பீடு, பணம் செலுத்தும் வசதி ஆகியவற்றைத் திட்டமிட்டுள்ளோம். வேறு எதைச் சேர்க்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் குறிப்பிட்டுள்ள நான்கு வசதிகளும் வாடகைக் கார் செயலிக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் செயலிக்கு மட்டுமே உரிய சிக்கலை அவற்றுள் எதுவும் தொடவில்லை என்பதுதான் என் கவலை. காரில் சென்றவர் தாம் நேரில் கண்டதை வைத்து ஓட்டுநரை மதிப்பிடுகிறார். நாயை மூன்று நாள் ஒருவரிடம் விட்டுச் சென்றவரோ அந்த மூன்று நாளும் அங்கே இல்லாதவர். வேளைக்குத் தண்ணீர் வைத்தார்களா, மொட்டை மாடி வெயிலில் கட்டிப்போட்டார்களா என்பதையெல்லாம் அறிந்த ஒரே சாட்சி அந்த வாயில்லா ஜீவன்தான். ஆகவே ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர், பராமரிப்பாளர் இனிமையாகப் பேசினார், தினமும் படம் அனுப்பினார், நாய் பத்திரமாகத் திரும்பி வந்தது என்ற அளவில்தான் மதிப்பெண் இடுகிறார்.

நட்சத்திரங்களை நீக்கிவிட வேண்டாம். அவற்றுக்கு முதலிடம் தராதீர்கள். ஒரு பராமரிப்பாளரிடம் இரண்டாம் முறையும் தங்கள் பிராணியை ஒப்படைத்த குடும்பங்கள் எத்தனை என்ற எண்ணிக்கையை அந்த இடத்தில் காட்டுங்கள். இரண்டாம் முறை அந்த வீட்டு வாசலுக்குப் போகும்போது நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடுகிறதா, கால்களுக்கிடையே வாலை நுழைத்துக்கொண்டு பின்வாங்குகிறதா என்பதை உரிமையாளர் தம் கண்ணாலேயே பார்க்கிறார். அதற்குப் பிறகும் விட்டுச் செல்கிறார் என்றால் அந்த முடிவில் நாயின் கருத்தும் அடங்கியிருக்கிறது. எழுத்து வடிவிலான கருத்துரைகளைப் பொறுத்தவரை, பயணிகளுக்குத் தங்கும் வீடுகளைத் தேடித்தரும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2014 முதல் பின்பற்றும் முறையைக் கைக்கொள்ளலாம்: இரு தரப்பும் எழுதி முடித்த பிறகோ, குறித்த கெடு முடிந்த பிறகோதான் ஒருவர் எழுதியதை மற்றவர் காண முடியும். பதிலுக்கு நம்மையும் குறைத்து எழுதிவிடுவாரோ என்ற அச்சம் இதனால் பெருமளவு குறைகிறது.

உங்கள் திட்டத்தில் நான் காணாத, ஆனால் எல்லாவற்றிலும் முதன்மையானதாகக் கருதும் வசதி, முன்சந்திப்பு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2011-இல் தொடங்கப்பட்ட, உங்களைப் போலவே பிராணிப் பராமரிப்பாளர்களைத் தேடித்தரும் ரோவர் நிறுவனமும் முன்பதிவுக்கு முன்னர் இரு தரப்பும் நேரில் சந்திப்பதை ஊக்குவிக்கிறது. நீங்கள் ஒரு படி மேலே சென்று, ஒருவரிடம் முதன்முறை விடுபவருக்கு முன்சந்திப்பையும் அரைநாள் வெள்ளோட்டத்தையும் கட்டாயமாக்குங்கள். அவை முடியாமல் மூன்று நாள் முன்பதிவுக்கான பொத்தானே திரையில் தோன்றக் கூடாது. அவசரமாக ஊருக்குப் போக வேண்டியவர்களுக்கு இது இடையூறுதான். என்றாலும் இந்தத் தாமதம் தேவையானது என்றே நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் படங்களை மட்டும் நம்பி என் நாயை ஒரு காப்பகத்தில் விட்டுச் சென்றேன். வரவேற்பறை பளபளவென்று இருந்தது. நாய் உறங்கப்போகும் இடத்தை நான் கேட்கவுமில்லை, அவர்கள் காட்டவுமில்லை. திரும்ப அழைத்து வந்தபோது காதுமடல் முழுவதும் உண்ணிகள் இருந்தன. அடுத்த வாரமே உண்ணிக் காய்ச்சல் கண்டது. ஆகவே முகப்புப் படத்தைவிட, பிராணி உறங்கும் இடம், வாசற்கதவின் தாழ்ப்பாள், பால்கனி வலை ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். அவையும் பழைய படங்களாக இல்லாமல், செயலியின் கேமராவிலேயே அப்போது எடுக்கப்பட்டவையாக இருக்கட்டும்.

அடுத்தது ஒப்படைப்புக் குறிப்பு. உணவு, மருந்து, பழக்கங்கள், வழக்கமாகப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண், கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி ஆகியவற்றை உரிமையாளர் ஒரு முறை நிரப்பினால் போதும். ஒவ்வொரு முன்பதிவின்போதும் அது தானாகவே பராமரிப்பாளரிடம் சென்றுவிட வேண்டும். அதே திரையில் விலங்கிற்கேற்ற எச்சரிக்கைகளும் வரட்டும். அன்போடு வைக்கும் பிரியாணி மிச்சத்திலோ சாம்பார் சாதத்திலோ உள்ள வெங்காயம், நாய், பூனை இரண்டுக்கும் நஞ்சு என்பது பலருக்குத் தெரியாது. புது இடத்துக்கு வந்த பூனை கூச்சத்தால் சாப்பிடவில்லை என்று இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால், குறிப்பாகப் பருமனான பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆண் பூனை முக்கி முக்கி அமர்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆகையால் அன்றாடத் தகவல் பகுதியில், படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, சிறுநீர் கழித்ததா, மருந்து கொடுத்தாயிற்றா என்ற நான்கு கேள்விகளைக் கட்டாயமாக வையுங்கள். சாப்பிடவில்லை என்ற பதில் இரண்டாம் நாளும் வந்தால், உரிமையாளருக்குச் செயலியே எச்சரிக்கை அனுப்ப வேண்டும்.

கோவை முழுவதற்கும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். வடவள்ளி போன்ற ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்குள்ள கால்நடை மருத்துவர்களிடமிருந்து தொடங்குங்கள். யார் வீட்டு நாய் எப்படி வளர்கிறது என்பதை அவர்களைப் போல் அறிந்தவர்கள் இல்லை. நிரல் எழுதும் முன் ஒரு மாதம் வாட்ஸ்அப் குழு வழியாகவே பத்துப் பதினைந்து குடும்பங்களை இணைத்துப் பாருங்கள். முதல் முன்பதிவுக்குப் பிறகு இரு தரப்பும் உங்களை விட்டுவிட்டு நேரடியாக யுபிஐ வழியே பணம் கொடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அப்போதே காண்பீர்கள். தொலைபேசி எண்ணை மறைத்து இதைத் தடுக்க முடியாது. பராமரிப்பாளர் திடீரென நோயுற்றால் மாற்று ஆளை உடனே ஏற்பாடு செய்து தருவது போன்ற, தனிமனிதரால் செய்துகொள்ள இயலாத உதவி ஒன்று உங்களிடம் இருந்தால்தான் அவர்கள் செயலிக்குத் திரும்புவார்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியையான நான் பராமரிப்பாளராகப் பதிவு செய்ய விரும்பினேன். ஒரு செயலி, ஆதார் அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து அனுப்பக் கேட்கிறது. அனுப்பலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முழு எண்ணும் தெரியும் படத்தை அனுப்ப வேண்டாம். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்டு வாங்குவதற்கு இடமளித்த சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் செல்லாததாக்கியது. அதன் பின் 2019-இல் வந்த திருத்தம், நாமே விரும்பி அளிப்பதற்கு மட்டும் வழி வகுத்தது. கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை, ஆதார் வழங்கும் ஆணையத்தின் இணையதளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளலாம். அதை அளியுங்கள், அல்லது வேறு அடையாள ஆவணத்தைக் கொடுங்கள். எந்த நோக்கத்துக்காக விவரங்களைப் பெறுகிறார்கள் என்பதைத் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதும், ஒப்புதலை நீங்கள் திரும்பப் பெறலாம் என்பதும் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகள். செயலி வடிவமைப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: சரிபார்த்து முடிந்ததும் படத்தை அழித்துவிட்டு, சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பையும் தேதியையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் உறுதியானது என்பதற்கும் அவர் விலங்குகளிடம் பரிவுள்ளவர் என்பதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே பச்சைக் குறியால் காட்டுவது உரிமையாளரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

கேள்வி: பராமரிப்பாளரிடம் இருக்கும்போது நாய் தொலைந்துவிட்டால் யார் பொறுப்பு?
– வாசகர், சென்னை

பதில்: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு வழி காட்டுகிறது. பிறர் ஒப்படைத்ததை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் உடைமையைக் காப்பதைப் போலக் காக்க வேண்டும் என்கிறது அதன் 151-ஆம் பிரிவு. இது உயிருள்ளவற்றுக்கும் பொருந்தும். பார்த்துக்கொள்ளும்படி ஒருவரிடம் விடப்பட்ட பசு கன்று ஈன்றால், பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும் என்ற எடுத்துக்காட்டு 163-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பொறுப்பில் உள்ள விலங்கின் நலனைப் பேணுவது பொறுப்பாளரின் கடமை என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் கூறுகிறது. ஆகவே கதவைத் திறந்து போட்டுவிட்டு நாய் ஓடிவிட்டது என்று சொல்லும் பராமரிப்பாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தாங்கள் வெறும் இடைத்தரகர் என்று செயலி தன் விதிமுறைகளில் எழுதியிருக்கிறதா என்பதைப் பதிவு செய்யும் முன்பே படித்துவிடுங்கள்.

சட்டம் நாயைத் தேடித் தராது. தீபாவளியை ஒட்டி வெளியூர் செல்பவர்கள், நாயை வெடிச் சத்தம் குறைவாகக் கேட்கும் உள்ளறையில் வைத்திருக்க ஒப்புக்கொள்பவரிடம் மட்டும் விடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் எண்ணோடு பராமரிப்பாளரின் எண்ணையும் எழுதித் தொங்கவிடுங்கள். நீங்கள் ரயிலில் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும் நேரத்தில் யாரேனும் நாயைப் பிடித்து வைத்தால், அவர் அழைக்கக்கூடிய எண் அதுதான்.